அத்தியாயம் 5: டோக்கியோவில் ரயிலும் நடையும்

டோக்கியோவில் ரயில் ஏறுவது எளிது. நிலையத்தைவிட்டு வெளியே வருவதுதான் பெரும்பாடு. ரயில் நேரத்துக்கு வருகிறது, அறிவிப்பு ஆங்கிலத்திலும் ஒலிக்கிறது, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு இருக்கிறது. ஆனால் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தப்பான வாசலில் மேலே வந்துவிட்டால், மூன்று நிமிட நடை என்று வரைபடம் சொன்ன ஓட்டல் இருபது நிமிடம் தள்ளிப் போய்விடும்.

ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது, இறங்கும் நிலையத்தின் பெயரோடு நிறுத்தாதீர்கள். எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஓட்டல், கோயில், அருங்காட்சியகம் எல்லாமே தங்கள் இணையதளத்தில் ‘இந்த நிலையம், இந்த வாசல்’ என்றுதான் வழி சொல்கின்றன. முகவரியைவிட இது பயன்படும்.

யார் ஓட்டும் ரயில்?

வரைபடத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்.

ஜேஆர்: பெரும்பாலும் தரைக்கு மேலே ஓடுவது. உங்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது யமனோதே லைன். இளம்பச்சைப் பட்டை, 30 நிலையங்கள், நகரை வட்டமடிக்கும் பாதை. ஒரு முழுச்சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். திசை மாறி ஏறினாலும் போக வேண்டிய இடம் வந்தே தீரும் என்பதால், புதியவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான ரயில் இல்லை.

டோக்கியோ மெட்ரோ: 9 சுரங்கப் பாதைகள். தோயே: மாநகர அரசு நடத்தும் 4 சுரங்கப் பாதைகள். இரண்டும் ஒரே நிலையத்தில் சந்தித்துக்கொண்டாலும் நிர்வாகம் வேறு, கட்டணமும் வேறு. மெட்ரோவிலிருந்து தோயேக்கோ ஜேஆருக்கோ மாறினால் கட்டணம் கூடும். இவை தவிர தனியார் ரயில்களும் உண்டு. புறநகருக்குப் போனால்தான் அவை அதிகம் தேவைப்படும்.

கார்டு வாங்குவது

ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுக்காதீர்கள். சுய்கா அல்லது பாஸ்மோ கார்டு ஒன்று இருந்தால் மேலே சொன்ன எல்லா ரயில்களிலும், பேருந்துகளிலும், பெரும்பாலான கடைகளிலும் செல்லும்.

1. நரிதா, ஹனேதா விமான நிலையங்களிலேயே வாங்கிவிடுங்கள். குறுகிய பயணம் என்றால் வெல்கம் சுய்கா ஏற்றது. வைப்புத்தொகை இல்லை, 28 நாட்கள் செல்லும். மீதிப் பணம் திரும்பக் கிடைக்காது, அதனால் கடைசி நாளில் கடையில் செலவழித்துத் தீர்த்துவிடுங்கள். சாதாரண சுய்காவுக்கு 500 யென் வைப்புத்தொகை.
2. ஆளுக்கு ஒரு கார்டு. கணவனும் மனைவியும் ஒரே கார்டில் அடுத்தடுத்து நுழைய முடியாது. உள்ளே போன கார்டு வெளியே வந்தால்தான் அடுத்த பயணம் தொடங்கும்.
3. பள்ளிப் பருவக் குழந்தைகளுக்கு, அதாவது 6 முதல் 11 வயதுவரை, பாதிக் கட்டணம். குழந்தை கார்டு வாங்கப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருவர்வரை ஒரு பெரியவரோடு இலவசமாக வரலாம்.
4. பணம் நிரப்பும் இயந்திரத்தில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலான இயந்திரங்கள் ரொக்கம் மட்டுமே வாங்கும். கையில் ஆயிரம் யென் தாள்கள் சில எப்போதும் இருக்கட்டும்.
5. கேட்டில் கார்டை வைத்து, ஒலி கேட்ட பிறகு நகருங்கள். ஓடிக்கொண்டே வீசினால் கேட் மூடிக்கொள்ளும், பின்னால் வருபவர் உங்கள் முதுகில் மோதுவார்.

வெளியேறும்போது பணம் போதவில்லை என்று கேட் மூடினால் பதற வேண்டாம். கேட்டுக்கு உள்பக்கமே கட்டணச் சரிக்கட்டல் இயந்திரம் ஒன்று இருக்கும். அதில் பணம் நிரப்பிவிட்டு மறுபடி வாருங்கள். வேறு எந்தச் சிக்கலானாலும் ஓரத்தில் ஊழியர் நிற்கும் அகலமான கேட்டுக்குப் போங்கள்.

குறிப்பு: சுற்றுலாப் பயணிகளுக்கென 24, 48, 72 மணி நேரச் சுரங்க ரயில் டிக்கெட் உண்டு. மெட்ரோ, தோயே இரண்டிலும் செல்லும். நாள்கணக்கு இல்லை, முதலில் பயன்படுத்திய நிமிடத்திலிருந்து மணிக்கணக்கு. ஆனால் ஜேஆரில் செல்லாது. ஒரு நாளில் நான்கைந்து முறை சுரங்க ரயில் ஏறுபவருக்கு லாபம். மற்றவர்கள் இதை வாங்கிவிட்டு, ‘ஜேஆர் ஏறினால் காசு வீண்’ என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அந்தச் சிக்கனம் காலுக்குத்தான் கேடு.

ஒரு பயணம், படிப்படியாக

டோக்கியோவில் வேலை பார்க்கும் இந்தியர்கள் பலர் எதோகாவா வார்டின் நிஷி கசாய் பகுதியில் குடியிருக்கிறார்கள். மகனையோ மகளையோ பார்க்கப் போகும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் அதுதான் முதல் நிலையம். அங்கிருந்து அசாகுசாவில் இருக்கும் சென்சோஜி கோயிலுக்குப் போவதை எடுத்துக்கொள்வோம். நிஷி கசாயின் குறியீடு டி16. மாறும் இடம் நிஹோன்பாஷி, தோஸாய் லைனில் டி10, கின்சா லைனில் ஜி11. சேரும் இடம் அசாகுசா, ஜி19, வாசல் எண் 1. ஒரு துண்டுச் சீட்டில் இவ்வளவும் எழுதினால் பயணத்தில் பாதி முடிந்தது.

1. நிஷி கசாயில் நகானோ திசைக்கான நடைமேடையில் ஏறுங்கள். ரயிலின் முகப்பில் மிதாகா என்று எழுதியிருந்தாலும் அதே திசைதான். நகானோவைத் தாண்டியும் ஓடும் ரயில் அது.
2. தரையில் வரிசைக்கான கோடு போட்டிருக்கும், அதில் நில்லுங்கள். கதவு திறந்ததும் இருபுறமும் ஒதுங்கி, இறங்குபவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு ஏறுங்கள்.
3. எண் குறைந்துகொண்டே வருகிறதா என்று கதவுக்கு மேலுள்ள திரையில் பாருங்கள். டி15, டி14… டி10-இல் இறங்க வேண்டும். பெயரைப் படிக்கத் தடுமாறினாலும் எண் கைகொடுக்கும்.
4. நிஹோன்பாஷியில் ஆரஞ்சு வளையத்துக்குள் ஜி எழுத்து இருக்கும் பலகையைப் பின்தொடருங்கள். அதே நிலையத்தில் ரோஜா நிற வளையத்தில் ஏ எழுத்தோடு ‘அசாகுசா லைன்’ என்றும் ஒரு பலகை தொங்கும். அதுவும் அசாகுசாவுக்குப் போகும், ஆனால் தோயேக்குச் சொந்தமானது. கூடுதல் கட்டணம், இறங்கும் நிலையமும் வேறு. பெயரில் மயங்காமல் நிறத்தையும் எழுத்தையும் பாருங்கள்.
5. கின்சா லைனில் எண் கூடும் திசையில் ஏறுங்கள். அசாகுசாதான் கடைசி நிலையம், தவறவிட வழியே இல்லை. 1927-இல் டோக்கியோவின் முதல் சுரங்க ரயில் ஓடியது அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையிலான இந்தத் துண்டில்தான். நிலையம் குறுகலாக, கூரை தாழ்வாக இருப்பதன் காரணம் இப்போது புரியும்.
6. இறங்கியதும் கூட்டத்தோடு நடந்துவிடாதீர்கள். தூண் பக்கம் ஒதுங்கி நின்று, மஞ்சள் பலகையில் வாசல் எண் 1 எந்தப் பக்கம் என்று பாருங்கள். மஞ்சள் பலகை என்றால் வெளியே போகும் வழி. இது நகரம் முழுக்கப் பொருந்தும்.
7. கார்டைக் காட்டி மேலே வாருங்கள். கோயிலின் பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் காமினாரிமோன் வாயில் இரண்டு நிமிட நடையில்.

திரும்பி வரும்போதுதான் பொறி. நிஹோன்பாஷியிலிருந்து நிஷி ஃபுனபாஷி திசையில் ரயில் வரும். அதில் ‘ரேபிட்’ என்று எழுதியிருந்தால் ஏறாதீர்கள். அது தோயோசோவைத் தாண்டியதும் நிஷி கசாயில் நிற்காமல் ஆற்றைக் கடந்து உராயாசுவில்தான் நிற்கும். ‘லோக்கல்’ வரும்வரை காத்திருங்கள். உராயாசுவுக்கே போய்விட்டாலும் குடிமுழுகாது: கேட்டைவிட்டு வெளியேறாமல் எதிர்த்திசை லோக்கலில் இரண்டு நிலையம் திரும்பி வந்தால் சரி.

வேறு பல பாதைகளிலும் இதே கதைதான். சூவோ லைனின் ஆரஞ்சு ரயில் பல நிலையங்களைத் தாண்டிப் போகும், பக்கத்துத் தண்டவாளத்தில் மஞ்சள் ரயில் எல்லாவற்றிலும் நிற்கும். ஏறும் முன் இரண்டு கேள்வி: திசை சரியா? நான் இறங்கும் இடத்தில் இது நிற்குமா?

நிலையத்துக்குள் நடப்பது

டோக்கியோவில் நடையின் பெரும்பகுதி கூரைக்குக் கீழேதான் போகும். வரைபடம் ‘மாறுவதற்கு 4 நிமிடம்’ என்று சொல்வது, வழி தெரிந்து விறுவிறுவென்று நடக்கும் உள்ளூர்க்காரர் கணக்கு. முதல் வாரத்தில் அதை இரட்டிப்பாக்குங்கள். வயதான அம்மா, அப்பாவோடு போனால் மும்மடங்கு.

டிஸ்னிலேண்டுக்குப் போகும் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: டோக்கியோ நிலையத்தில் அங்கே போகும் கேயோ லைன் நடைமேடை, மற்ற நடைமேடைகளிலிருந்து மிகவும் விலகி, ஆழத்தில் இருக்கிறது. யமனோதேயிலிருந்து இறங்கி அங்கே சேர, குழந்தைகளோடு 20 நிமிடம் ஒதுக்குங்கள். இறங்க வேண்டியது மாய்ஹாமா நிலையத்தில்.

லிஃப்ட் தேவைப்படுபவர்கள் தலைகீழாகத் திட்டமிட வேண்டும். சேரும் நிலையத்தில் லிஃப்ட் உள்ள வாசல் எது என்று முதலில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி வழியை அமையுங்கள். எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. பெரும்பாலும் ஒரு கோடியில் ஒன்றோ இரண்டோதான். மெட்ரோ நடைமேடைத் தூண்களில், எத்தனையாவது பெட்டியில் ஏறினால் எந்த நிலையத்தில் படிக்கட்டுக்கு அருகே இறங்கலாம் என்று அட்டவணை ஒட்டியிருப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடப்பக்கம் நிற்பார்கள். ஒசாகா போனால் வலப்பக்கம். நிலைய அறிவிப்புகள், யாரும் நடக்காமல் இருபுறமும் நிற்கச் சொல்கின்றன, மக்கள் கேட்டபாடில்லை.

மாறுவதற்காகக் கேட்டைவிட்டு வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டிய மெட்ரோ நிலையங்கள் சில உண்டு. மெட்ரோவிலிருந்து மெட்ரோவுக்கே மாறும்போது 60 நிமிடத்துக்குள் மறுபடி நுழைந்துவிட்டால் அது ஒரே பயணமாகக் கணக்காகும். இடையில் சாப்பிட உட்கார்ந்து அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் புதுக் கட்டணம்.

தெருவில் நடப்பது

நமக்கு ஒரு வசதி: அங்கும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்க்கும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது வேறு. வண்டியே இல்லாத சந்தில்கூட சிவப்பு விளக்குக்கு மக்கள் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். பச்சை மினுக்கத் தொடங்கிவிட்டால் கால் எடுத்து வைக்காதீர்கள். சிக்னலைப் பார்க்கும் அளவுக்குச் சைக்கிளையும் பாருங்கள். நடைபாதையிலேயே பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவார்கள். நேர்கோட்டில் நடங்கள், திடீரென்று ஒதுங்காதீர்கள்.

முகவரி கண்டுபிடிப்பது தனிக் கலை. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டாரம், அதற்குள் சோமே என்ற பிரிவு, பிறகு மனைத்தொகுதி எண், கடைசியில் கட்டட எண். ‘கின்சா 4-சோமே’ என்பது தெரு அன்று, ஒரு பகுதி. விளக்குக் கம்பத்திலும் சுவரிலும் உள்ள சிறு தகடுகளில் சோமே எண்ணும் தொகுதி எண்ணும் இருக்கும். அவற்றை உங்கள் முகவரியோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் நெருங்கிவிடலாம்.

வழி தவறியதாகத் தோன்றினால் இப்படிச் செய்யுங்கள்:

1. நடப்பதை நிறுத்தி ஓரமாக ஒதுங்குங்கள். தரையில் பதித்த மேடுள்ள மஞ்சள் கற்கள்மேல் நிற்காதீர்கள். அவை பார்வையற்றோருக்கான வழி. உலகிலேயே முதன்முதலாக அவை பதிக்கப்பட்டது ஜப்பானின் ஒகாயாமாவில், 1967-இல்.
2. செல்பேசியில் நீல அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று உடனே நம்பாதீர்கள். உயரக் கட்டடங்களுக்கு நடுவே, முக்கியமாக மேற்கு ஷின்ஜுகுவில், அது தடுமாறும். இருபது அடி நடந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.
3. தெருவோர வரைபடப் பலகை கிடைத்தால் கவனம்: பல பலகைகளில் மேற்புறம் வடக்கு அல்ல. நீங்கள் முகம் பார்த்து நிற்கும் திசையே மேற்புறமாக வரையப்பட்டிருக்கும்.
4. அப்படியும் பிடிபடவில்லை என்றால் கோபான் என்ற சிறு போலீஸ் சாவடியைத் தேடுங்கள். பெரிய நிலையங்களின் வாசலில் தவறாமல் இருக்கும். வழி சொல்வது அவர்கள் அன்றாட வேலை, தயங்காதீர்கள். முகவரியை ஜப்பானிய எழுத்தில் செல்பேசியில் வைத்திருந்து காட்டினால் ஒரு நிமிடத்தில் வரைபடத்தை விரித்துவிடுவார்கள்.

கட்டடத்துக்குள் நுழைந்த பிறகும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. நம் ஊரில் தரைத்தளம் என்பது அங்கே 1. ‘2-ஆம் மாடி உணவகம்’ என்றால் நம் கணக்கில் முதல் மாடி. உணவகங்கள் ஆறாவது, எட்டாவது மாடியிலும் இருக்கும். தெருமட்டத்தில் மட்டும் தேடினால் கண்ணில் படாது.

எங்கே நடக்கலாம்? உவேனோவிலிருந்து அகிஹாபாராவுக்கு ரயில் ஏறுவது பாவம். தண்டவாளத்தை ஒட்டிய அமேயோகோ கடைத்தெரு வழியாக, ஒகாச்சிமாச்சியைத் தாண்டி, இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. ஹராஜுகுவிலிருந்து ஷிபுயாவும் அப்படித்தான், 1.2 கிலோமீட்டர். மழை நாளில் டோக்கியோ நிலையத்திலிருந்து கின்சா பக்கம் நிலத்தடிப் பாதையிலேயே போகலாம். ஜூலை, ஆகஸ்ட் பகலில் மட்டும் வீராப்பு வேண்டாம். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களையும் அந்தப் புழுக்கம் உட்கார வைத்துவிடும்.

நடைக்குப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை வையுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம், உங்கள் குப்பை உங்களோடுதான் வரும். கழிப்பறைக்குக் கவலையில்லை: நிலையங்களில் இலவசம், சுத்தம். பல நிலையங்களில் கேட்டுக்கு உள்பக்கம் இருக்கும், அதனால் வெளியேறும் முன் போய்விடுங்கள்.

பேருந்து

ரயில் எட்டாத இடங்களுக்கு மட்டும். 23 வார்டுகளுக்குள் ஓடும் தோயே பேருந்துகளில் தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம். முன்கதவில் ஏறி, ஓட்டுநர் பக்கத்திலேயே கார்டைத் தொட்டுவிடுங்கள். இறங்கும் நிறுத்தத்துக்கு முன் பொத்தானை அழுத்தி, நடுக்கதவில் இறங்குங்கள். வண்டி நின்ற பிறகு எழுந்தால் போதும், ஓட்டுநரே அப்படித்தான் சொல்வார்.

பாதுகாப்பு

வார நாட்களில் காலை 7.30 முதல் 9.30வரை ரயிலைத் தவிர்த்துவிடுங்கள். பெட்டியோடும் குழந்தை வண்டியோடும் அந்த நேரத்தில் ஏறுவது உங்களுக்கும் தண்டனை, மற்றவர்களுக்கும் தண்டனை. வேறு வழியில்லை என்றால் முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பெண்கள் தனியாகப் போகும்போது, நடைமேடையில் இளஞ்சிவப்புக் குறி உள்ள இடத்தில் நில்லுங்கள். நெரிசல் நேரங்களில் அந்தப் பெட்டி பெண்களுக்கு மட்டும். சிறுவர்களை உடன் அழைத்துப் போகலாம். ஆண்கள் அவசரத்தில் அதில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலுக்குள் செல்பேசியில் பேசக் கூடாது. இது சட்டத்தைவிட வலுவான வழக்கம். வீடியோ காலில் ஊருக்கு ரயிலைக் காட்டும் ஆசையை நடைமேடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் செல்பேசியோ செருப்போ விழுந்தால் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். ஊழியரிடம் சொல்லுங்கள், எடுத்துத் தர அவர்களிடம் நீண்ட இடுக்கி இருக்கிறது. மனிதர் விழுந்தால் நடைமேடைத் தூணில் உள்ள அவசரப் பொத்தானை அழுத்துங்கள், வருகிற ரயில் நின்றுவிடும்.

நிலநடுக்கம் வந்தால் ரயில் தானாகவே நிறுத்தப்படும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள். கதவைத் திறந்து குதிப்பதுதான் ஆபத்து. தெருவில் இருந்தால் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சுவர்களையும் பெயர்ப்பலகைகளையும்விட்டு விலகுங்கள்.

இரவு

டோக்கியோ ரயில்கள் இரவு முழுக்க ஓடுவதில்லை. நள்ளிரவு 12-க்கும் 1-க்கும் இடையில் கடைசி ரயில் போய்விடும், அடுத்தது விடிகாலை 5 மணியை ஒட்டித்தான். கடைசி ரயில்கள் சில பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பதால், மாற வேண்டிய பயணமாக இருந்தால் 11 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

தவறவிட்டால் டாக்சி. முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்து ஒளிர்ந்தால் காலி வண்டி. பின்கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும், கை வைக்காதீர்கள். இரவு 10 முதல் காலை 5வரை கட்டணம் 20 சதவீதம் கூடுதல். டிப்ஸ் கிடையாது, கொடுத்தாலும் திருப்பித் தந்துவிடுவார்கள்.

அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்சும் தீயணைப்பும் 119. நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் குளிர்பான இயந்திரத்துக்குப் போங்கள். அவற்றில் பலவற்றின் முகப்பில் அந்த இடத்தின் முகவரிச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அருகில் நிற்பவரிடம் அதைக் காட்டி, செல்பேசியையும் கொடுத்து, படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.